தேயும் முன்பே கறள் பிடிக்கும் பின் பிறேக் டிஸ்க்: கொழும்புக் குடும்பக் காருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள். முதல் தடவை பிறேக்கை மிதித்ததும் பின்பக்கத்திலிருந்து அம்மியில் மிளகாய் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு சந்தி தாண்டினால் அது போய்விடும். மாலைக்குள் நீங்களும் மறந்துவிடுவீர்கள்.

நாங்கள் வெள்ளவத்தையில், கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே குடியிருக்கிறோம். எங்கள் காரில் அந்தச் சத்தம் ஒரு நாள் மூன்றாவது சந்தியிலும் நிற்கவில்லை. வழக்கமாகப் போகும் கராஜில் காட்டினேன். டிஸ்க் இரண்டும் போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே அம்மிச் சத்தம்.

இம்முறை கிருலப்பனையில் ஒரு சின்ன ஒழுங்கைக்குள் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனேன். அவர் சில்லைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்து, டிஸ்க்கின் வெளிமுகத்தை விரலால் தடவினார். "சேர், இது தேஞ்சுபோன டிஸ்க் இல்ல. வேலை இல்லாம நிண்டு கறள் கட்டின டிஸ்க். இதை மாத்தினாலும் திரும்ப வருவீங்க" என்றார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான கம்பிகளில் ஒன்றான கீழ்ப்பக்க ஸ்லைட் பின் தன் உறைக்குள் இறுகிக் கிடந்தது. வெளிப்பக்கப் பாட் (டிஸ்க்கில் அழுத்தி உரசும் தகடு) டிஸ்க்கை ஒழுங்காகத் தொட்டே பல மாதமாகியிருக்கும். முதலில் டிஸ்க் மாற்றியவர்கள் அந்தப் பின்னைத் தொட்டும் பார்க்கவில்லை.

அதன்பிறகு நானே செய்து பழகியதும், பாஸிடம் கேட்டுக் கற்றதும்தான் இந்த வழிகாட்டி.

பின் டிஸ்க்குக்கு மட்டும் ஏன் இந்த விதி?

பிறேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. வெப்பம் தாங்கும், உராய்வுக்கு ஒத்துழைக்கும், விலையும் மலிவு. கறள் பிடிப்பது மட்டும் அதன் பிறவிக்குணம். வீட்டில் வார்ப்பிரும்புத் தோசைக்கல் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: கழுவி ஈரத்தோடு வைத்தால் விடியும்போது செம்மஞ்சளாகக் கிடக்கும். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக் காப்பாற்றலாம். டிஸ்க்குக்கு அது முடியாது. பாட் வந்து வந்து தேய்த்துத் துடைப்பதுதான் அதற்கிருக்கும் ஒரே பாதுகாப்பு.

பின் டிஸ்க்குக்கு அந்தத் துடைப்பு போதுமானதாகக் கிடைப்பதில்லை. பிறேக்கை மிதித்ததும் காரின் பாரம் முன்னுக்குச் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ முன்சில்லுகளே செய்துவிடும். மெதுவாக மிதித்தால் பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தம் இன்னும் சொற்பம். காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி போவதற்குள் நூறு தடவை பிறேக் மிதிக்கிறோமே என்று கேட்பீர்கள். மிதிக்கிறோம்தான், ஆனால் பத்து, பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில், கால்விரல் நுனியால். அதில் டிஸ்க் சூடேறுவதில்லை. பாட் தடவிவிட்டுப் போகிறதே தவிர சுரண்டுவதில்லை.

ஹைபிரிட் காரில் நிலைமை இன்னும் மோசம். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டரே எடுத்து, அந்தச் சக்தியைப் பற்றறிக்கு அனுப்புகிறது. இரும்பு பிறேக் முறையாகப் பிடிப்பது மிகக் குறைந்த வேகத்திலும், பலமாக மிதிக்கும்போதும், பற்றறி நிரம்பியிருக்கும்போதும்தான். ஹைபிரிட் கார்களில் பாட் நீண்ட காலம் உழைக்கும் என்று பெருமையாகச் சொல்வார்கள். பாட் உழைக்கும், பக்கத்தில் டிஸ்க் சும்மா இருந்தே உக்கும்.

இதன்மேல் கடல். குளிர்நாடுகளில் பனி உருக வீதியில் உப்புப் போடுகிறார்கள், அது காரின் அடிப்பக்கத்தைத் தின்கிறது. நமக்கு அந்த உப்பைக் காற்றே கொண்டுவந்து தருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் கடலிலிருந்து நேரே கரைக்கு வீசும். தெகிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை மரைன் டிரைவ் ஓரத்தில் நிறுத்தும் கார்களின் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நக்கிப் பாருங்கள். (மகன் செய்து காட்டினான். அம்மாவிடம் ஏச்சும் வாங்கினான்.) உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் மழை இல்லாத இரவிலும் டிஸ்க் முழுதாகக் காய்வதில்லை.

கார் நிற்க நிற்க இது கூடும். 2020 மார்ச் ஊரடங்கிலும், 2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்திலும் கொழும்புக் கார்கள் பலவற்றின் டிஸ்க்குகள் ஒரே அடியில் கிழடாயின. கியூஆர் முறை வந்து, ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவசரத்துக்கு மட்டுமே வெளியில் எடுத்தோம். அந்தக் காலத்தில் பிடித்த குழிகளோடு இன்னும் ஓடுகிற டிஸ்க்குகள் உண்டு. வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. ஆகவே நம் வீதியில் ஓடுபவை பெரும்பாலும் வயதானவை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வருடாவருடம் வரிப்பத்திரம் எடுக்கப் போகும்போது நம் குடும்பக் காருக்குக் கேட்பது காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும்தான். பஸ், லொறிபோல் பிறேக் பார்த்துத் தகுதிச் சான்றிதழ் தரும் ஏற்பாடு நமக்கில்லை. புகை பாஸாகிவிட்டது என்பதற்கும் பிறேக் நன்றாயிருக்கிறது என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எல்லாக் கறளும் ஒன்றல்ல

இரவு மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ டிஸ்க் முகம் முழுவதும் தூள்போலச் செம்மஞ்சள் படர்ந்திருந்தால் அது ஒன்றுமில்லை. ஐந்தாறு தடவை பிறேக் பிடித்ததும் வெள்ளி மினுக்கம் திரும்பிவிடும். டிஸ்க்கின் வெளிவிளிம்பிலும், நடுவிலுள்ள தொப்பிபோன்ற பகுதியிலும் பிடிக்கும் கறளும் பார்க்க அசிங்கமே தவிர, பாட் அங்கே தொடுவதில்லை.

கவனிக்க வேண்டியது வளையக் கறள். பாட் ஓடும் பாதையின் நடுவில் மட்டும் மினுக்கம், மேலும் கீழும் கபில நிறப் பட்டை. பாட் முழு அகலத்துக்கு வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருள். பட்டை மாதாமாதம் அகலமாகும். கறள் மேடு பாட்டின் ஓரத்தை அரித்து, தனக்கு இடம் செய்துகொண்டு மினுக்கத்தை இன்னும் ஒடுக்கும். இந்தக் கட்டத்தில் பிடித்தால் டிஸ்க்கைக் காப்பாற்றலாம்.

அடுத்தது குழிக் கறள். நகத்தால் இழுத்தால் இடறும். இங்கே இரும்பே போய்விட்டது. எவ்வளவு பிறேக் பிடித்தாலும் திரும்பாது.

பிறகு, பாட்டின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்த கறுத்த திட்டு. ஈரத்தோடு ஹான்ட்பிறேக் இழுத்துவிட்டுப் பல நாள் நிறுத்தியதன் விளைவு இது. ஓடும்போது சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு தடவை "டக்" என்று கால் பெடலில் தட்டும்.

படி 1: சில்லைக் கழற்றாமல் பார்ப்பது

முதலில் உங்கள் காருக்குப் பின்பக்கம் டிஸ்க்தானா என்று பாருங்கள். ஆல்ட்டோ, வகன்ஆர், அக்வா போன்றவற்றுக்குப் பின்னால் ட்ரம். அதிலும் கறள் பிடிக்கும், ஆனால் மூடிய பெட்டிக்குள் இருப்பதால் இந்தக் கதை வேறு.

டிஸ்க் என்றால், அலோய் சில்லின் இடைவெளிவழியே டோர்ச் அடித்து வெளிமுகத்தைப் பாருங்கள். மழையில்லாத நாளில், அரை மணித்தியாலமாவது ஓடி வந்த பிறகு பார்க்கவேண்டும். காலையில் பார்த்தால் எல்லாமே பயமுறுத்தும். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் கபிலமாக இருந்தால் டிஸ்க்கைக் குறைசொல்ல வேண்டாம். அந்தப் பக்கக் கலிப்பரில் கோளாறு.

சூட்டையும் பார்க்கலாம். அதே ஓட்டம் முடிந்து நிறுத்தியதும், கையால் தொடாமல், தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் கருவியை இரண்டு பின் டிஸ்க்குகளுக்கும் காட்டுங்கள். காய்ச்சல் பார்க்க வாங்கியது இதற்குச் சரிவராது, அது உடம்புச் சூட்டுக்கு மேல் காட்டாது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று கொதித்தால் அது விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று குளிர்ந்தே கிடந்தால் அது வேலைக்கே வரவில்லை.

படி 2: தூக்கி, கழற்றிப் பார்ப்பது

உள்முகத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வெளியே கண்ணாடிபோல் மினுங்கி, உள்ளே உழுத வயல்போல் இருந்த டிஸ்க்குகளைப் பாஸின் கராஜில் கண்டிருக்கிறேன்.

சமதரையில் நிறுத்தி, கியரை 'பி' யில் (P, பார்க்) போட்டு, முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்சில்லைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருப்பதால் ஹான்ட்பிறேக்கை விடுவிக்க வேண்டும். அதனால்தான் கட்டை முக்கியம். ஜாக்கால் தூக்கும் முன் சில்லு நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். ஜாக் ஏற்றும் இடம் காரின் கையேட்டில் இருக்கும். தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்து அதன்மேல் இறக்குங்கள். காரோடு வரும் ஜாக்கை நம்பி அடியில் கை, தலை நுழைக்க வேண்டாம். இதில் விட்டுக்கொடுப்பில்லை, ஸ்டாண்ட் இல்லாதவர் இந்தப் படியைக் கராஜில் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுக்குமாடித் தரிப்பிடத்தின் சரிவிலும் இதைச் செய்யக்கூடாது.

சில்லைக் கழற்றும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய உரசலோடு சுற்றினால் சரி. இறுகினால் பிறேக் விடவில்லை.

கழற்றிய பின் பார்க்க மூன்று விடயங்கள். ஒன்று, டிஸ்க்கின் இரு முகங்கள். இரண்டு, பாட்களின் கனம்: உள்ளும் வெளியும் ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா? உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவேன். மூன்று, டிஸ்க்கின் கனம். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே, தொப்பிப் பகுதியிலோ விளிம்பிலோ, 'மின் டிஎச்' என்ற ஆங்கில எழுத்துகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். கறளுக்குள் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும்.

அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண வேர்னியரை விளிம்பில் கவ்வினால் கறள் மேட்டையும் சேர்த்து அளந்து, டிஸ்க் புதிதுபோல் கனமாக இருப்பதாகக் காட்டும். மைக்ரோமீற்றர் இல்லாவிட்டால், பாட் ஓடும் பாதையில் இருபக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து, அதன்மேல் வேர்னியரைக் கவ்வி, இரு நாணயங்களின் கனத்தையும் கழித்துவிடுங்கள். பாஸ் சொல்லித்தந்த வித்தைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பிறேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

படி 3: ஸ்லைட் பின்

என் எட்டு மாதக் காசைத் தின்ற இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெரும்பாலான குடும்பக் கார்களின் பின் கலிப்பரில் உட்பக்கம் மட்டும் ஒரு பிஸ்டன் இருக்கும். பெடலை மிதித்தால் பிஸ்டன் உள்பாட்டை டிஸ்க்கில் அழுத்தும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின்மேல் வழுக்கி உள்பக்கம் நகர்ந்து, வெளிப்பாட்டையும் இழுத்துவந்து டிஸ்க்கில் அழுத்தும். பின் இறுகினால் இந்த வழுக்கல் நின்றுவிடும். உள்பாட் மட்டும் உழைத்துத் தேயும். வெளிப்பாட் வேடிக்கை பார்க்கும். வெளிமுகம் கறள் கட்டும். வெளிமுகக் கறளும் உள்பாட் தேய்வும் சேர்ந்து வந்தால், பின்னைப் பார்க்காமல் டிஸ்க் மாற்றுபவரை நம்பவேண்டாம்.

கலிப்பரைக் கழற்றி, பிறேக் குழாயில் தொங்கவிடாமல், ஸ்பிரிங்கில் ஒரு கம்பியால் கட்டி வையுங்கள். பின்கள் இரண்டையும் வெளியே இழுங்கள். ஒன்றில் ரப்பர் வளையம் இருக்கலாம், மற்றதில் இல்லாமலிருக்கலாம். இடம் மாறாமல் திருப்பிப் போட எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று போன் கமராவில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய கிரீஸைத் துடைத்து, பின்னில் குழி இல்லாவிட்டால், பிறேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். சில்லு பெயாரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இங்கே ஆகாது. ரப்பரை ஊதவைத்து, ஆறு மாதத்தில் முன்னையைவிட இறுகப்பண்ணும். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றாமல் மூடக்கூடாது, உப்புத்தண்ணீர் போகும் வாசல் அதுதான்.

பாட்களின் இரு காதுகளும் உட்காரும் தகட்டுக் கிளிப்புகளைக் கழற்றி, அவற்றின் கீழுள்ள கறளைத் தூரிகையால் தேய்த்து எடுங்கள். கறள் உப்பிக் கிளிப்பைத் தூக்கினால் பாட் நகர இடமின்றிச் சிக்கிக்கொள்ளும். பாட் விரல் அழுத்தத்துக்கே நகரவேண்டும்.

படி 4: விடுவதா, கடைவதா, மாற்றுவதா

மேலோட்டக் கறளும் ஒடுங்கிய வளையமும் மட்டும் என்றால், பின்களைச் சரிசெய்து, பாட்களின் ஓரத்தை மட்டமாக்கி, ஒரு கிழமை நன்றாக ஓடிப் பாருங்கள். மினுக்கம் அகன்றுகொண்டு வந்தால் வெற்றி.

லேத்தில் கடைவது பற்றி என் அபிப்பிராயம்: முன் டிஸ்க்குக்குச் சில வேளைகளில் பயன்படும், பின் டிஸ்க்குக்கு அநேகமாக வீண். சிறிய கார்களின் பின் டிஸ்க் புதிதாகவே ஒல்லி. குழி மறையும்வரை கடைந்தால் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போய்விடும்.

மாற்ற வேண்டிய நேரம்: கனம் குறைந்துவிட்டது, வெடிப்பு இருக்கிறது, அல்லது பாட் ஓடும் பாதையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குழி. இந்த "நாலில் ஒரு பங்கு" என்னுடைய அளவுகோல். இடமும் வலமும் சேர்த்துத்தான் மாற்றவேண்டும், பாட்களும் புதிதாக. பழைய பாட்கள் பழைய கறள் மேட்டுக்கு ஏற்ப வளைந்து பழகியவை. புது டிஸ்க்கில் போட்டால் பாதி முகத்தைத்தான் தொடும்.

பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது காரின் சேசி இலக்கத்தையும் பழைய டிஸ்க்கையும் கொண்டுபோங்கள். விட்டமும் கனமும் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. நடுத்துளையும் தொப்பியின் உயரமும் பொருந்த வேண்டும். தொப்பியிலும் விளிம்பிலும் சாம்பல்நிறப் பூச்சுப் போட்ட டிஸ்க் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் எடுங்கள், கடலோரத்துக்கு அது பெறுமதி. பாவித்த டிஸ்க்கை மட்டும் வாங்காதீர்கள். வேறொருவரின் கறளை விலைக்கு வாங்குவானேன்?

படி 5: மாற்றும்போது

டிஸ்க் ஹப்போடு (சில்லைப் பொருத்தும் நடுப்பகுதி) கறளில் ஒட்டியிருக்கும். சுத்தியலால் வெளுப்பதற்கு முன் அதன் முகத்தில் இரண்டு சிறிய மரைத்துளைகள் உண்டா என்று பாருங்கள். பொருத்தமான போல்ட்டை இரண்டிலும் மாறிமாறி இறுக்கினால் டிஸ்க் தானே வெளியே தள்ளப்படும். ஹான்ட்பிறேக் ஷூ தொப்பிக்குள் இருக்கும் வகையானால் முதலில் ஷூவைத் தளர்த்தவேண்டும்.

ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் வெள்ளி தெரியத் தேயுங்கள். அங்கே ஒரு கடுகளவு கறள் நின்றாலும் டிஸ்க் தள்ளாடும்; சில ஆயிரம் கிலோமீற்றரில் பெடல் நடுங்கும். புது டிஸ்க்கில் கறள் பிடிக்காமல் தடவியிருக்கும் எண்ணெயைப் பிறேக் கிளீனரால் இரு முகத்திலும் துடைத்தெடுங்கள்.

பின் கலிப்பருக்கே உரிய ஒரு கண்ணி: ஹான்ட்பிறேக் கேபிள் கலிப்பரில் இணைந்திருந்தால் பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு நேரே அழுத்தக்கூடாது. அதற்குரிய கருவியால் திருகித் திருகி உள்ளே அனுப்பவேண்டும், கடைசியில் பிஸ்டனின் வெட்டுப் பாட்டின் முளையோடு நேர்ப்பட வேண்டும். பலவந்தமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் பொறி உடையும். பொத்தானை அழுத்தும் மின் ஹான்ட்பிறேக் என்றால், ஸ்கானர் போட்டோ கையேட்டு முறைப்படியோ சேர்விஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே வேண்டாம். அந்த வேலையை நான் பாஸிடம் விட்டுவிடுவேன்.

சில்லு நட்டுகளை நட்சத்திர வடிவில் மாறிமாறி, முறுக்கு அளக்கும் ஸ்பனரால் இறுக்குங்கள். பல டொயோட்டாக் கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108. உங்கள் காருக்குரியதைக் கையேட்டில் பாருங்கள். கார் நகரும் முன் பெடல் கெட்டியாகும்வரை மெதுவாகப் பல தடவை மிதிக்க மறக்கக்கூடாது. மறந்தால் முதல் மிதி நேரே தரைக்குப் போகும்.

படி 6: பழக்குவது

புதிதாகப் போட்டதும் பாட் டிஸ்க்கோடு பழகவேண்டும். ஞாயிறு விடிய ஐந்தரைக்கு, பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்ற வீதியில் வாகனமே இல்லாத நேரமாகப் பார்த்துப் போவேன். 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை, சற்றுப் பலமாக, ஆனால் சில்லு பூட்டாமல், எட்டுப் பத்துத் தடவை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிமிடம் ஓடி ஆறவிடுவேன். சூடான நிலையில் முழுதாக நிறுத்தி மிதித்தபடி நிற்கக்கூடாது, பாட் அச்சுப் பதியும். முன்னும் பின்னும் பார்க்காமல் இதைச் செய்யவேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

வாராந்தம் ஒரு பத்து நிமிடம்

மாற்றியதைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான். கிழமைக்கு ஒரு தடவை, வெற்று வீதியில் 60 இலிருந்து ஐந்தாறு உறுதியான பிறேக். ஹைபிரிட் என்றால் வெறுமனே மிதித்தால் மோட்டர் குறுக்கே வந்துவிடும்; ஆகவே நேரான, ஆளரவமற்ற வீதியில் நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுப் பிறேக் பிடித்தால் இரும்பே முழு வேலையையும் செய்யும். உடனே 'டி' க்குத் திரும்பிவிடுங்கள். இறக்கத்திலும் நெரிசலிலும் இதைச் செய்யவே கூடாது.

கார் கழுவி அப்படியே நிறுத்துவது, பிள்ளையை முழுகவார்த்துத் தலை துவட்டாமல் படுக்கப்போடுவதுபோல. கழுவியதும் ஒரு சுற்று ஓடி, நாலு பிறேக் பிடித்து, சூடேற்றி உலர்த்தி நிறுத்துங்கள். அமிலம் கலந்த சில்லுக் கிளீனர்கள் வேண்டாம்.

சேர்விஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கத்துக்குக் கறள் பிடிக்காமல் ஒயில் விசிறுவார்கள். ஒருமுறை என் காருக்கு விசிறியவர், பாவம் நல்லெண்ணத்தில், டிஸ்க்கையும் சேர்த்து நனைத்துவிட்டார். காலி வீதிக்கு ஏறும் இடத்தில் பிறேக் பிடித்தபோது கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. பாட்களில் ஒயில் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். இப்போதெல்லாம் காரைக் கொடுக்கும்போதே "சில்லுப் பக்கம் விசிற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, முடியும்வரை அங்கேயே நிற்கிறேன்.

ஆண்டுக் கணக்கு: சோழகமும் வாடையும்

கொழும்பில் குளிர்காலம், கோடைகாலம் என்று கார் பார்ப்பதில் அர்த்தமில்லை. நமக்குக் காற்றுத்தான் நாட்காட்டி.

மார்ச், ஏப்ரல். பிற்பகல் இடிமழை, மற்றபடி புழுக்கம். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு நுவரெலியா போகாத குடும்பம் குறைவு. ஏறுவது என்ஜினுக்குச் சோதனை. றம்பொடை வழியாக இறங்குவது பிறேக்குக்கு. அதனால் பிறேக் ஒயிலை இப்போது மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். டொட் 3 வகையின் நியமக் கொதிநிலை புதிதாக 205 பாகை, ஈரம் ஏறியபின் 140. டொட் 4 க்கு 230 உம் 155 உம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவிதி. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வாருங்கள். ஹைபிரிட்டில் பற்றறி நிரம்பியதும் மோட்டர் ஒதுங்கி, பாரம் முழுவதும் என்றுமில்லாமல் அந்தக் கறள் டிஸ்க்கின் தலையில் விழும், ஆகவே கியரில் 'பி' நிலை (B, என்ஜின் பிறேக்; பார்க் அல்ல) இருந்தால் பாவியுங்கள். ஊர் திரும்பியதும், சோழகம் தொடங்கும் முன், ஸ்லைட் பின்களைத் திறந்து கிரீஸ் போடுங்கள்.

மே முதல் செப்டெம்பர். உப்புக் காலம். கிழமைக்கொரு தடவை அடிப்பக்கத்துக்கும் சில்லுகளுக்கும் நல்ல தண்ணீர் அடிப்பது, பிறகு ஓடி உலர்த்துவது. தரிப்பிடம் தெரிவுசெய்ய முடிந்தால் கடலைப் பார்க்காத பக்கம். வைப்பர் ரப்பரை மே தொடக்கத்திலேயே மாற்றுங்கள். டயர் தவாளிப்புக்குள் இருக்கும் அடையாள மேடு 1.6 மி.மீ.; மழை வீதிக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றுவது என் வழக்கம்.

புரட்டாதியில் சோழகம் தணிந்ததும் சில்லுகளைக் கழற்றி ஒரு முறை. காற்று செய்ததை எண்ணிப்பார்க்கும் நாள் அது.

ஒக்டோபர், நவம்பர். கொழும்பின் கனமழை. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கூரைவரை மூழ்கிய கார்களைக் கண்டோம். அந்தளவு வேண்டாம், சில்லின் நடு ஹப்வரை நீரில் ஓடினாலே சேறு கலிப்பருக்குள் போகும். தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாகப் பிறேக்கை மிதித்து உலர்த்துங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். அந்தக் கிழமைக்குள் கழற்றிப் பாருங்கள்.

டிசெம்பர் முதல் பெப்ரவரி. வாடை தரைப்பக்கமிருந்து வரும், கொழும்பு காய்ந்திருக்கும். மற்ற வேலைகளுக்கு நல்ல காலம்: ஏசி வடிகட்டி, கூலன்ட், பற்றறி முனை. ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பின் ஆசனத்துக்கு அருகிலோ அடியிலோ இருக்கும் பற்றறிக் காற்றுத் துவாரத்தைப் பார்க்கவும். எங்கள் வீட்டில் அது சொக்கலேட் தாளும் பென்சில் சீவலும் சேரும் இடம்.

நீண்ட நாள் நிறுத்தும்போது

ஆவணியில் நல்லூருக்கு ரயிலில் போய் இரண்டு கிழமை நிற்கிறோம் என்று வையுங்கள். போகும் நாள் காலையில் காரை ஓட்டி, பிறேக்கைச் சூடேற்றி, உலர்ந்த டிஸ்க்கோடு நிறுத்துங்கள். சமதரையானால் 'பி' யில் (P, பார்க்) போட்டு, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஹான்ட்பிறேக்கை விட்டுவிடுங்கள். இழுத்துவைத்தால் பாட் டிஸ்க்கில் ஒட்டும். துணி உறை கடலோரத்தில் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும், ஆகவே போடுவதில்லை. சாவியை ஒருவரிடம் கொடுத்துக் கிழமைக்கொரு தடவை இருபது நிமிடம் ஓடச்சொன்னால் இன்னும் நல்லது. நிறுத்திய இடத்திலேயே என்ஜினை மட்டும் ஓடவிடுவது டிஸ்க்குக்கு ஒன்றும் செய்யாது.

திரும்பி வந்து முதல் நாள் சத்தம் கேட்கும், பத்து நிமிடம் பொறுங்கள். அசைய மறுத்தால் எக்ஸலேற்றரை அழுத்திப் பிடுங்காமல், முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி விடுவியுங்கள். அதற்கு முன் ஸ்டியரிங்கில் "கட்டை இருக்கு" என்று ஒரு கடதாசி ஒட்டியிருந்தால் நல்லது. போன வருடம் அதை ஒட்டாமல் போய், கார் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பாஸுக்குப் போன் எடுத்தேன். "கட்டையை எடுத்தீங்களா, சேர்?" என்று கேட்டார்.